கையெழுத்து இருக்கிறது, கைடு எங்கே?

மார்ச் மாதக் கடைசி வாரம். கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் கால் வைக்க இடமில்லை. பொறியியல் இறுதியாண்டு படித்த என் அக்கா மகன் புராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் போட வந்திருந்தான். துணைக்கு நானும் போயிருந்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் திறந்தார். நன்றியுரை அதில் தயாராக இருந்தது. நிறுவனருக்கு நன்றி, தாளாளருக்கு நன்றி, முதல்வருக்கு நன்றி, துறைத் தலைவருக்கு நன்றி. ஊக்கமும் வழிகாட்டுதலும் தந்த கைடுக்கு, வார்த்தைகளால் சொல்ல முடியாத நன்றி.

"போன பேட்ச் பசங்க அடிச்சதுதான் தம்பி. உங்க நாலு பேர் பேரும் கைடு பேரும் சொல்லு, மாத்திடுறேன்" என்றார்.

மாற்றினார். பிரின்ட் வந்தது. நீல நிற அட்டை, அதன் மேல் தங்க எழுத்து. ஐந்து காப்பிகள். கடைக்கு வெளியே பைக் சீட்டின் மேல் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் சான்றிதழ். 'இந்த ஆய்வுப் பணி இம்மாணவர்களால் என் மேற்பார்வையில் செய்யப்பட்டது' என்று கைடு உறுதிகூறிக் கையெழுத்துப் போட வேண்டிய பக்கம் அது.

மறுநாள் அந்தக் கையெழுத்து கிடைத்த விதத்தை அவனே சொன்னான். வராந்தாவில் கைடு வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். இவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். கைப்பிடிச் சுவர்மேல் ஐந்து ரிப்போர்ட்டுகளையும் அடுக்கினார்கள். அவர் பேனாவைத் திறந்தார். நாலாவது காப்பியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்த டைட்டில்டா?" என்று கேட்டார்.

"ஆறு மாசத்துல உங்க கைடு உன்கூட மொத்தம் எவ்வளவு நேரம் பேசியிருப்பார்?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். மூன்று ரிவ்யூ. ஒவ்வொன்றும் பத்து நிமிடம். "அரை மணி நேரம் இருக்கும் மாமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் நின்னுக்கிட்டே" என்றான்.

இது என் வீட்டுக் கதை மட்டுமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இறுதியாண்டுப் பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கலை, அறிவியல் கல்லூரிகள் இன்னும் அதிகம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரு புராஜெக்ட் முடித்துத்தான் பட்டம் வாங்குகிறார்கள். படிப்பு முழுவதிலும் ஒரு மாணவன் தானாக ஒரு கேள்வி கேட்டு, தானாக விடை தேடிப் போகும் ஒரே இடம் அதுதான். அந்த இடத்தில் அவனோடு யாரும் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் புகார்.

வாரம் இருபது பாடவேளை, காகிதத்தில்

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கணினிப் பொறியியல் படிக்கும் மாணவருக்கு எட்டாவது செமஸ்டரில் புராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட். வாரத்துக்கு 20 பாடவேளை. வேறு எந்தத் தனிப் பாடத்துக்கும் இவ்வளவு எடை இல்லை. செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று வைத்தால்கூட ஒரு மாணவருக்கு முந்நூறு பாடவேளை. நாலு பேர் கொண்ட ஒரு பேட்சுக்கு ஆயிரத்து இருநூறு. இத்தனை நேரத்தைக் கண்காணிக்க வேண்டியவர் அவர்களோடு செலவிட்டது அரை மணி நேரம்.

மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். சென்னையில் வடபழனி, அசோக் நகர், தி.நகர் பக்கம் போனால் மாடிப்படி ஓரங்களில் போர்டுகள் தொங்கும். 'ஐ-ட்ரிபிள்-இ புராஜெக்ட்ஸ்', 'இறுதியாண்டு மாணவர்களுக்கு நூறு சதவீத அவுட்புட் உத்தரவாதம்' என்று அவற்றில் எழுதியிருக்கும். (ஐ-ட்ரிபிள்-இ என்பது ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் சர்வதேசப் பொறியாளர் அமைப்பு.) கோவை, திருச்சி, மதுரையிலும் இதே கதைதான். பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

ஜனவரியில் அதே அக்கா மகன், என் மருமகன், போன அப்படி ஒரு இடத்துக்கு நானும் கூடப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் ஒரு ஃபைலை நீட்டினார். அதில் நூற்றுக்கணக்கான தலைப்புகள், வரிசை எண்ணோடு. ஓட்டல் மெனு கார்டைப் போலத்தான் இருந்தது. எந்தத் துறை, எந்த மொழியில் கோடிங், பேஸ் பேப்பர் (புராஜெக்ட்டுக்கு அடிப்படையாக வைக்கும் ஆய்வுக் கட்டுரை) எந்த வருடத்தது என்று விசாரித்தார். பிறகு விலை சொன்னார். கோடிங் மட்டும் என்றால் ஒரு விலை. கோடிங்கோடு ரிப்போர்ட்டும் பி.பி.டி.யும் சேர்ந்தால் இன்னொரு விலை. அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் வாய்மொழித் தேர்வான வைவாவில் என்ன கேள்வி கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் வகுப்பும் உண்டு.

"கைடு ஏதாவது மாத்தச் சொன்னா?" என்று கேட்டேன்.

"மாத்தச் சொல்ல மாட்டாங்க சார். அப்படிச் சொன்னாலும் மூணு கரெக்‌ஷன் வரைக்கும் ஃப்ரீ" என்றார் அந்தப் பெண்.

நாலு பேரும் பணத்தைப் பங்கு போட்டுக் கட்டினார்கள். அந்த நாலு பேரில் ஒருவனின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். கல்விக் கடன் வாங்கிப் படித்த பையன் அவன். கல்லூரிக் கட்டணத்தில் அடங்க வேண்டிய ஒரு பாடத்துக்கு, வெளியே ஒருவரிடம் இரண்டாவது முறையாகக் கட்டணம் கட்டினான். இதை எந்தக் கட்டண நிர்ணயக் குழுவும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பிள்ளைகளை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்குப் போவதற்கு முன் என் மருமகனிடம் ஒரு யோசனை இருந்தது. அவன் பாட்டிக்குச் சர்க்கரை நோய், கண் பார்வை மங்கல். மாத்திரை அட்டையைக் காட்டினால் அதன் பெயரைத் தமிழில் படித்துச் சொல்லும் ஒரு செயலி செய்ய ஆசைப்பட்டான். முதல் ரிவ்யூவில் அதைச் சொன்னான். "இதெல்லாம் ஐ-ட்ரிபிள்-இ பேப்பர்ல இருக்கா? பேஸ் பேப்பர் இல்லாம எப்படி ஒத்துக்க முடியும்?" என்று கேள்வி வந்தது. அடுத்த வாரம் அவன் வடபழனி மாடிப்படி ஏறினான். சொந்த யோசனை ரிவ்யூவில் தள்ளுபடி ஆகிறது, வாங்கிய யோசனை தங்க எழுத்தில் பைண்டிங் ஆகிறது. இந்தப் பாடத்தைத்தான் அவனுக்குக் கல்லூரி கடைசியாகக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறது.

கைடு பக்கத்து நியாயம்

ஆசிரியர்களைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அவர்களில் சிலரிடமும் பேசினேன். தனியார் பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவர், தன் பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு மனம் திறந்தார். "எனக்கு அஞ்சு பேட்ச். அதுக்கு மேல மூணு பேப்பர் கிளாஸ், லேப், அட்டெண்டன்ஸ் என்ட்ரி, நாக் கமிட்டி ஃபைல் வேலை, அட்மிஷன் சீசன்ல ஊர் ஊராப் போய் ஆள் சேர்க்கிற வேலை. என் டைம்டேபிள்ல புராஜெக்ட்டுக்குன்னு ஒரு பீரியட்கூட எழுதலை சார். பசங்க டைம்டேபிள்ல இருக்கு, என்னோடதுல இல்லை. நான் எங்க உட்கார்ந்து பார்க்கிறது?"

கோளாறின் வேர் அவர் சொன்ன இந்த இடத்தில்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியர், பேராசிரியர்களுக்கு 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தல் பணி. அந்த மணிநேரக் கணக்கில் புராஜெக்ட் வழிகாட்டுதல் எழுதப்படாதவரை அது யாருடைய வேலையும் ஆகாது. கணக்கில் வராத வேலையை ஒருவர் செய்கிறார் என்றால், அது அவருடைய நல்ல மனசு. ஒரு மாநிலத்தின் உயர்கல்வியை நல்ல மனசை மட்டும் நம்பி ஓட்ட முடியாது.

கைடு என்று ஒருவர் கல்லூரியில் உண்மையிலேயே இருக்கிறாரா என்பதும் சில இடங்களில் கேள்வியாகிவிட்டது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட தகவலை மறந்திருக்க மாட்டோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருப்பதாக அது குற்றம்சாட்டியது. ஒருவர் பெயர் பதினோரு கல்லூரிகளில் இருந்தது. பல்கலைக்கழகமும் விசாரணைக் குழு அமைத்தது. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விகிதம் காகிதத்தில் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக நடந்த வேலை இது. பதினோரு கல்லூரிகளில் பெயர் இருக்கும் ஒருவரை எந்த வராந்தாவில் தேடிப் பிடிப்பது?

அரசுக் கலைக் கல்லூரிகளின் நிலை வேறு மாதிரி. அங்கே ஆசிரியர் இருக்கிறார். ஆனால் அவருக்கே நிலையான இடமில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் இந்தக் கல்லூரிகளைத் தாங்கி நிற்கிறார்கள். மானியக் குழு 2019-லேயே மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று சொல்லிவிட்டது. ஆண்டுக்காண்டு வேலை நீட்டிப்பு வருமா என்று காத்திருப்பவரிடம், ஒரு மாணவியின் ஆய்வுக்கு ஆறு மாதம் கூடவே இரு என்று எந்த முகத்தோடு கேட்பது?

இந்த மண்ணுக்குப் புதிதில்லை

மாணவப் பருவத்தில் ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சென்னைக் கடற்கரையை ஒட்டி நிற்கும் மாநிலக் கல்லூரியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சி.வி.ராமன் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி ஆய்வகத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் தான் கவனித்த ஒரு விஷயத்தைக் கட்டுரையாக்கினார். 1906 நவம்பரில் லண்டன் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' அதை வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே கல்லூரியில் இளங்கலை ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தார் சுப்ரமணியன் சந்திரசேகர். 1928-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சம்மர்ஃபெல்ட் சென்னை வந்தார். அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய் அந்த மாணவர் சந்தித்தார். நீ படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் இயற்பியல் வந்துவிட்டது என்று சொன்ன சம்மர்ஃபெல்ட், அச்சில் இருந்த தன் கட்டுரையின் மெய்ப்புப் பிரதியையும் எடுத்துக் கொடுத்தார். அந்தச் சந்திப்பின் வழியே சந்திரசேகர் எழுதிய கட்டுரை மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1983-ல் நோபல் பரிசு வாங்கிய வாழ்க்கையின் முதல் படி அது. பெரிய ஆள் ஒருவர் ஒரு கல்லூரி மாணவரை உட்காரவைத்துப் பேசிய ஒரு சந்திப்பு இத்தனை செய்திருக்கிறது.

கலாம் கதை எல்லோருக்கும் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அவர் குழுவாகச் செய்த போர் விமான வடிவமைப்பு தேறவில்லை என்று பேராசிரியர் சீனிவாசன் கண்டித்தார். மூன்று நாள் கெடு வைத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். மேடைகளில் இதை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்தப் பேராசிரியர் மாணவரின் வரைபடத்தை உண்மையிலேயே பார்த்திருக்கிறார். பார்த்ததால்தான் அது தேறாது என்று சொல்ல முடிந்தது. கெடு முடிவதற்கு முந்தின நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில், மாணவர் வரைந்துகொண்டிருந்த இடத்துக்கே வந்து நின்றார் என்று கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விடுமுறை நாளில் மாணவனின் மேசைக்கு வந்து நின்ற கைடு அவர்.

அதே எம்.ஐ.டி. வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் உருவாக்கிய சுமார் 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' செயற்கைக்கோள் 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2008-ல் தொடங்கிய புத்தாக்க மையத்தில் மாணவர்கள் கருவிகளை எடுத்து, செய்து, உடைத்து, மறுபடி செய்து பழகுகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1969-ல் மார்கரெட் மக்விகார் தொடங்கிய திட்டத்தில், முதலாண்டு மாணவர்கூட ஒரு பேராசிரியரின் ஆய்வில் கிரெடிட்டுக்கோ ஊதியத்துக்கோ சேர்ந்துகொள்ளலாம். நம் ஊர்ப் பிள்ளைகளால் முடியும் என்பதும் எப்படிச் செய்யலாம் என்பதும் நமக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அந்த வசதி பெயர்பெற்ற சில வளாகங்களின் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டதுதான் குறை.

தேதி இல்லாத தண்ணீர்

வசதி இல்லாத இடத்தில் இப்படிக் கூட நின்று வழிகாட்டுவது நடக்கவே நடக்காதா? தருமபுரி மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். பல்லில் பழுப்புக் கறையோடு வளரும் பிள்ளைகளை அங்கே பார்க்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். மூன்று மாணவிகள் தங்கள் ஊர்களின் கைப்பம்பு, போர்வெல் தண்ணீரைச் சோதிப்பதையே புராஜெக்ட்டாக எடுத்திருந்தார்கள்.

கைடு ஒரு கௌரவ விரிவுரையாளர். மேசைமேல் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தேதி எங்க?"

"ஒட்டியிருந்தேன் மேடம். பஸ்ல வரும்போது கிழிஞ்சிருச்சு."

"எப்ப எடுத்த தண்ணி?"

"ஞாயித்துக்கிழமைன்னு நெனைக்கிறேன் மேடம்."

"நெனைக்கிறேன்னா எழுத முடியாதும்மா. கீழ ஊத்திரு. இந்த வாரம் போய் மறுபடி எடுத்துட்டு வா. பாட்டிலை முதல்ல அதே பம்புத் தண்ணியில மூணு தடவை அலசணும், ஞாபகம் இருக்கா?"

அந்தப் பெண் முகம் சுருங்கிப்போனாள். அவள் ஊர் அங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். ஆனாலும் ஊற்றினாள். நோட்டை எடுத்து, 'மாதிரி எண் 7, தேதி இல்லை, நீக்கப்பட்டது' என்று எழுதினாள். பக்கத்தில் அந்த ஆசிரியர் சிவப்பு மையில் சுருக்கொப்பம் போட்டுத் தேதியும் எழுதினார்.

அறிவியல் என்றால் என்ன என்று அந்தப் பெண் அன்று கற்றுக்கொண்டாள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதக் கூடாது. சந்தேகமான ஒன்றை எவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்திருந்தாலும் கீழே ஊற்றிவிட வேண்டும். இந்தப் பாடத்தை எந்த மாடிப்படிக் கடையும் விற்காது. இதைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

புறப்படும்போது அந்த ஆசிரியரிடம் ரசாயனச் செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினார். வாசல்வரை வந்த மாணவிதான் சொன்னாள்: "மேடம்தான் சார் காசு போடுறாங்க."

கலைப் பிரிவிலும் இதே கதை

இது அறிவியலுக்கும் பொறியியலுக்கும் மட்டும் உரிய பிரச்னை என்று எண்ண வேண்டாம். தமிழ்த் துறைகளில் வந்து குவியும் ஆய்வேடுகளைப் பாருங்கள். 'இன்ன நாவலில் பெண் பாத்திரங்கள்', 'இன்னார் கவிதைகளில் சமுதாயச் சிந்தனை'. நாவலின் பெயரும் கவிஞரின் பெயரும் மாறும். உள்ளே இயல்கள் மாறாது. அதை எழுதும் மாணவியின் ஊரில் கும்மிப் பாட்டு முழுவதும் தெரிந்த ஒரு பாட்டி இருப்பார். கூத்துக்கட்டும் ஒரு பெரியப்பா இருப்பார். அவர்களிடம் போ, பதிவு செய், ஒரு சொல் புரியாவிட்டால் திரும்பப் போய்க் கேள் என்று சொல்ல ஒரு கைடு இருந்தால் அந்தப் பாட்டு காப்பாற்றப்படும். கைடு இல்லாததால் ஒவ்வோர் ஆண்டும் நூலகத்துக்குப் பழைய ஆய்வேட்டின் புதிய பிரதி வருகிறது. பாட்டி போனதோடு பாட்டும் போய்விடுகிறது.

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள். கேமரா வாடகைக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. திரைக்கதையை ஒரு தடவை படித்து, இந்தக் காட்சி ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. கடைசியில் திரையிட்டுக் கைதட்டி மார்க் போட்டுவிடுகிறார்கள். கைதட்டலால் யாரும் தேறியதில்லை. முகத்துக்கு நேரே, அக்கறையோடு, இது சரியில்லை என்று சொல்லும் ஒரு குரல்தான் ஒரு கலைஞனுக்குக் கிடைக்கும் முதல் படிப்பினை.

என்ன செய்ய வேண்டும்?

இதற்காகப் புதிய கட்டடம் கட்ட வேண்டியதில்லை. இருப்பதை ஒழுங்காக்கினாலே பாதிப் பிரச்னை தீரும்.

முதல் கோரிக்கை, நேரம். ஒவ்வொரு பேட்சுக்கும் வாரம் ஒரு மணி நேரம் கைடோடு உட்கார்ந்து பேசும் நேரம் என்று கைடின் கால அட்டவணையிலேயே எழுத வேண்டும். அது அவருடைய 16 மணி நேரப் பணியில் சேர வேண்டும். நாலு பேட்ச் பார்த்தால் நாலு மணி நேரம் அதற்கே போய்விட்டது என்று கணக்கில் வர வேண்டும். ஒருவருக்கு நாலு பேட்சுக்கு மேல் தரக் கூடாது.

இரண்டாவது, நோட்டுப் புத்தகம். தருமபுரியில் நான் பார்த்தது மாதிரி ஒரு சாதாரண நோட்டு. எந்தத் தேதியில் என்ன செய்தோம், எது தவறிப்போனது, கைடு என்ன சொன்னார் என்று கையால் எழுதியது. எக்ஸ்டர்னல் தேர்வாளர் பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டுக்கு முன்னால் இந்த நோட்டைக் கேட்கட்டும். தோற்றுப்போன முயற்சிக்கும் மார்க் உண்டு என்று விதி வரட்டும். கடையில் வாங்கிய புராஜெக்ட்டுக்குத் தவறுகளின் வரலாறு இருக்காது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, தலைப்பு. வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றின் நிழல் இருந்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்கிற பேஸ் பேப்பர் வழக்கத்தை விட வேண்டும். அந்தந்த ஊரின் ஏரி, சந்தை, பஸ் ரூட், விசைத்தறி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றில் உள்ள பிரச்னைகளைத் தொகுத்து, மாவட்ட நிர்வாகமே ஆண்டுதோறும் கல்லூரிகளுக்கு ஒரு பட்டியலாகத் தரலாம். பாட்டிக்கு மாத்திரை அட்டை படித்துச் சொல்லும் செயலிக்கு அப்போது பேஸ் பேப்பர் கேட்க மாட்டார்கள். தமிழில் எழுத விரும்பும் மாணவருக்கு எந்தத் துறையிலும் தமிழில் ரிப்போர்ட் எழுத இடம் வேண்டும்.

நான்காவது, பணம். இறுதியாண்டு மாணவர் செயல்திட்டங்களுக்குச் சிறு நிதி தரும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் நெடுங்காலமாக வைத்திருக்கிறது. மாநில அரசின் 'நான் முதல்வன்' திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 'நிரல் திருவிழா' என்ற மாணவர் புத்தாக்கப் போட்டி நடக்கிறது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. அதில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். மாணவர் மட்டுமல்ல, ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். இந்தத் தகவல்கள் கிராமப்புறக் கல்லூரியின் அறிவிப்புப் பலகைக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். போட்டியில் வென்ற சிலருக்குப் பரிசு என்பதோடு நில்லாமல், ஒவ்வொரு பேட்சுக்கும் ரசாயனம், உதிரிபாகம், பஸ் கட்டணம் வாங்குமளவு ஒரு சிறு தொகை துறையிலேயே கிடைக்க வேண்டும். ஒரு கௌரவ விரிவுரையாளரின் சம்பளத்திலிருந்து ஃபுளோரைடு சோதனை நடக்கக் கூடாது.

ஐந்தாவது, திறந்த கதவு. நான்கு மணிக்குப் பூட்டும் ஆய்வகம் இறுதியாண்டு மாணவருக்கு மாலை ஏழு வரையிலாவது திறந்திருக்கட்டும். முடிந்த ரிப்போர்ட்டுகளைப் பல்கலைக்கழகம் எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வைக்கட்டும். ஊரே பார்க்கும் என்று தெரிந்தால் கையெழுத்துப் போடுகிறவர் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்.

ஆறாவது, ஆள். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் மேலே சொன்ன ஐந்தும் நடக்காது. பெயருக்கு மட்டும் இருக்கும் ஆசிரியர்களைக் கண்டுபிடிப்பதில் காட்டும் கண்டிப்பை, உண்மையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு உரிய ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கொடுப்பதிலும் அரசு காட்ட வேண்டும்.

நான்காண்டுப் பட்டம், அதன் கடைசி ஆண்டில் ஆராய்ச்சி என்று மானியக் குழு 2022 டிசம்பரில் ஒரு பாடத்திட்டக் கட்டமைப்பை வெளியிட்டது. அதிலும் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வாங்கியவருக்குத்தான் ஆராய்ச்சி. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. அந்த விவாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும் சரி, நம் பிள்ளைகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கும் உரிமைக்கு 75 சதவீத மதிப்பெண் தகுதி வைக்கவும் தேவையில்லை. பாட்டிலைக் கீழே ஊற்றிய அந்தப் பெண் என்ன மார்க் வாங்குகிறாள் என்று நான் கேட்கவில்லை.

என் மருமகன் இப்போது வேலையில் இருக்கிறான். அந்த நீல அட்டை ரிப்போர்ட் பரண்மேல் கிடக்கிறது. 'என் மேற்பார்வையில்' என்ற வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து இருக்கிறது. தருமபுரி நோட்டில் சிவப்பு மையில் இருப்பதும் கையெழுத்துதான். முதல் கையெழுத்தைப் போட்டவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் நேரம் ஒதுக்கித் தரவில்லை. இரண்டாவது கையெழுத்தைப் போட்டவருக்கும் யாரும் ஒதுக்கித் தரவில்லை. அவர் தன் சோற்று வேளையையும் சம்பளத்தையும் கிள்ளி எடுத்துக் கொடுத்தார்.

உயர்கல்வித் துறைக்கும் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிசம்பரில் அடுத்த செமஸ்டருக்கான கால அட்டவணை உங்கள் மேசைக்கு வரும். அதில் ஆசிரியருக்கான பக்கத்தைப் பாருங்கள். வாரத்தில் ஒரு கட்டத்தில், 'புராஜெக்ட்: மாணவரோடு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.